செட்டிநாட்டில் ஒரு நாள் பயணம்: குடும்பத்தோடு கிளம்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதம், சென்னையிலிருந்து வந்திருந்த என் அத்தை குடும்பத்தை அழைத்துக்கொண்டு காரைக்குடியிலிருந்து நாங்கள் கிளம்பியபோது காலை ஒன்பதரை மணியைத் தாண்டிவிட்டது. குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருமயம், ஆத்தங்குடி, கானாடுகாத்தான் என்று ஐந்து ஊர்ப் பெயர்களை ஒரு தாளில் எழுதி, ஐந்தையும் அன்றைக்கே பார்த்துவிடலாம் என்று முந்தின இரவு நான்தான் உறுதி சொல்லியிருந்தேன். குன்றக்குடியில் படியேறி இறங்கி, பிள்ளையார்பட்டியில் வரிசையில் நின்று வெளியே வந்தபோது பன்னிரண்டு மணி. திருமயம் போய்ச் சேர்ந்தபோது சத்தியமூர்த்திப் பெருமாள் கோயிலில் நடை சாத்திவிட்டார்கள். அங்கே பள்ளிகொண்டிருக்கும் பெருமாளைச் சேவிக்க வேண்டும் என்பதற்காகவே காலையிலிருந்து மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு வந்த அத்தை, சாத்திய கதவுக்கு வெளியே நின்று கைகூப்பிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பினார். கோட்டையையாவது பார்க்கலாம் என்று பிள்ளைகளை மேலே அனுப்பினோம். உச்சிவெயிலில் காய்ந்த பாறையில் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடிய சின்னவனின் உள்ளங்காலில் இரண்டு கொப்புளங்கள் எழுந்தன. ஆத்தங்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் அன்று நாங்கள் போகவே இல்லை.

செட்டிநாட்டில் பகல்பொழுது இரண்டு துண்டாக இருக்கிறது என்பதை நான் கணக்கில் எடுக்காததுதான் அன்றைய தவறு. விடியலிலிருந்து நண்பகல் வரை ஒரு துண்டு. மாலை நான்கு மணிக்குப் பிறகு இன்னொரு துண்டு. பிள்ளையார்பட்டி போன்ற பெரிய கோயிலிலேயே மதியம் ஒரு மணிக்கு நடை சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். கூட்டம் குறைந்த ஊர்க் கோயில்களில் குருக்கள் உச்சிக்கால பூசையை முடித்துவிட்டு இன்னும் நேரத்தோடு வீட்டுக்குப் போவதும் உண்டு. ஆகவே ஒன்பதரைக்குக் கிளம்புகிற குடும்பத்துக்கு உண்மையில் கிடைப்பது காலையில் இரண்டரை மணி நேரம்தான். ஆறு மணிக்குக் கிளம்பினால் அது இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. எத்தனை இடம் பார்க்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் இப்போது சொல்வது, காலையில் ஒன்று அல்லது இரண்டு, மாலையில் ஒன்று என்பதே. அந்த முதல் இடம், குடும்பத்தில் மூத்தவர் யாரோ அவர் மனதில் வைத்திருக்கும் இடமாக இருக்க வேண்டும்; பிள்ளைகளுக்கான இடம் மாலைக்கு வரட்டும்.

வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வரும் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) குடும்பங்கள் இந்தத் தவறை வேறு வகையில் செய்கின்றன. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று, ஒவ்வொரு பிரிவினருக்கும் ஒன்றாக அமைந்த நகரத்தாரின் ஒன்பது கோயில்களையும் ஒரே நாளில் கும்பிட்டுவிட வேண்டும் என்று வாடகை வண்டியில் ஏறுகிறார்கள். விடியற்காலையிலேயே தொடங்கினால் முடியாத காரியம் அல்ல; ஆனால் வைரவன்பட்டியிலும் இரணியூரிலும் தூண் சிற்பங்களுக்கு முன்னால் நின்று, இது யார், இது என்ன கதை என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. அந்தப் பிள்ளைகள் ஒன்பது பிரசாதப் பொட்டலங்களோடு ஊருக்குத் திரும்புவார்கள். எந்தக் கோயில் தங்கள் கோயில் என்பதுகூட அவர்கள் நினைவில் நிற்காது. தங்கள் கோயிலில் அரை நாள் உட்கார்ந்துவிட்டு, மற்றவற்றை இரண்டு நாட்களாகப் பிரித்துக்கொள்வதே நல்லது என்பது என் எண்ணம்.

நாள் பார்க்காமல் கிளம்புவதும் பயணத்தைக் கெடுக்கும். சங்கடஹர சதுர்த்தியன்றும் ஜனவரி முதல் தேதியன்றும் பிள்ளையார்பட்டி வரிசையில் கைக்குழந்தையோடு நிற்பது எளிதல்ல. பொங்கலை ஒட்டி சிராவயல் மஞ்சுவிரட்டு நடக்கும் நாளில் அந்தப் பக்கத்துச் சாலைகளில் வண்டி நகராது. தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் விடியலுக்கு முன்பே சாலையோரம் நடந்துகொண்டிருப்பார்கள் என்பதால், அந்த வாரத்தில் இருட்டோடு வண்டி எடுப்பவர்கள் வேகத்தைக் குறைத்தே ஓட்ட வேண்டும்.

நண்பகலை எங்கே கழிப்பது

இதற்கு விடை செட்டிநாட்டு வீடுகளிலேயே இருக்கிறது. உயர்ந்த கூரை, தடித்த சுவர், முற்றம், அதைச் சுற்றிய வளவு என்னும் உள்கூடம் என்று வெயிலைத் தாங்குவதற்காகவே கட்டப்பட்ட அந்த வீடுகளைப் பலரும் காலை வேளையில் பார்த்து முடித்துவிட்டு, வெயிலேறியபின் கோட்டைக்கும் குன்றுக்கும் போகிறார்கள். வரிசையை மாற்றிக்கொண்டால் போதும்: காலையில் கோயில், பதினொன்றரை மணிக்கு மேல் ஆத்தங்குடியிலோ கானாடுகாத்தானிலோ பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டிருக்கும் வீடு, நான்கு மணிக்குத் திருமயம் கோட்டை. 1687-இல் சேதுபதி மன்னர் கட்டிய அந்தக் கோட்டையின் மேல், பாறை சூடு தணிந்தபின் பீரங்கி இருக்கும் இடம்வரை ஏறிச் சுற்றுவட்டாரக் கண்மாய்களைப் பார்ப்பது பிள்ளைகளுக்கு மறக்காத காட்சி. கோட்டைக்குள் நுழைவுச்சீட்டுக் கொடுப்பதை மாலையில் நேரத்தோடு நிறுத்திவிடுவார்கள் என்பதால் நான்கு மணிக்குப் பின் தாமதிக்கக் கூடாது.

வீடு பார்க்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. கதவு திறந்திருப்பதால் மட்டும் அது பொது இடமாகிவிடாது. பெரும்பாலான வீடுகள் பல பங்காளிகளுக்குச் சொந்தமானவை; ஆண்டில் பெரும்பகுதி ஒரு காவல்காரரின் பொறுப்பில் கிடந்தாலும், கல்யாணத்துக்கும் அறுபதாம் கல்யாணத்துக்கும் உறவெல்லாம் கூடும் இடம் அதுதான். கானாடுகாத்தான் தெரு ஒன்றில் நான் கண்ட காட்சி இன்னும் மனதை உறுத்துகிறது. முகப்பைத் தாண்டி வளவுக்குள் வந்த ஒரு குடும்பம், முற்றத்தில் வெள்ளைத் துணி விரித்து வற்றல் பிழிந்துகொண்டிருந்த ஓர் ஆச்சியைக் கேட்காமலேயே படம் எடுக்கத் தொடங்கியது. இளைஞர் ஒருவர் இன்னும் நல்ல கோணத்துக்காக அந்தத் துணியின் ஓரத்தில் செருப்புக் காலோடு ஏறி நின்றார். ஆச்சி, வற்றல் பிழியும் உழக்கைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். "ஆச்சி, உள்ளே வந்து பார்க்கலாமா?" என்று வாசலில் நின்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அவரே பட்டாலையில் உட்காரவைத்துத் தண்ணீரும் கொடுத்திருப்பார். செருப்பை வாசலிலேயே விடுவது, முட்டை வெள்ளைக் கரு சேர்த்து மெருகேற்றிய சுவரில் கை வைக்காமல் இருப்பது, பூட்டிய அறையின் சாவித்துளையில் எட்டிப் பார்க்காமல் இருப்பது ஆகிய மூன்றையும் பிள்ளைகளுக்கு வண்டியிலேயே சொல்லிவைக்க வேண்டும். காரைக்குடியின் ஆயிரம் ஜன்னல் வீட்டையும் தெருவில் நின்று பார்த்துவிட்டு வருவதே முறை.

ஆத்தங்குடிக்குப் போகிறவர்கள் அரண்மனை வீட்டோடு திரும்பிவிடாமல், வேலை நாளில் ஒரு தரைக்கல் பட்டறைக்குள்ளும் போக வேண்டும். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு நிறச் சாந்தைக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கியபின் கோடு கலையாமல் நிற்கும் பூவின் மேல் மணலும் சிமெண்டும் இட்டு மூடுவதைப் பிள்ளைகள் கண் இமைக்காமல் பார்ப்பார்கள். சூளையில் சுடாமல், தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்தே அந்தக் கல்லை இறுக்குகிறார்கள். அதன் பளபளப்பு கண்ணாடித் தகட்டிலிருந்து வருவது. ஊற்றிவைத்த கற்களை விரலால் தொட்டுப் பார்க்கக் கூடாது, ஒரு தொடுதலில் ஒருவரின் உழைப்பு வீணாகிவிடும்.

கடலோரத்துக்குப் போகும்போது

செட்டிநாட்டுக்குள் கடல் இல்லை என்றாலும், தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக்கு ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். அங்கிருந்து தெற்கே தேவிபட்டினம், வடக்கே மீமிசல், கோட்டைப்பட்டினம் என்று கிழக்குக் கடற்கரைச் சாலை நீள்கிறது. இங்கே முதல் தவறு, மெரினாவைப் போல மணல்வெளியும் அலையும் இருக்கும் என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டி அழைத்துப் போவது. இது பாக் நீரிணைக் கடல். ஆழம் குறைவு, பெரும்பாலான நாட்களில் அலை சிறிது, கரையின் பல இடங்களில் மணலைவிடச் சேறு அதிகம். இந்தக் கடலில் அலையில் குதிப்பதற்கு ஒன்றுமில்லை. படகுகள் வருவது, வலை காய்வது, மீன் ஏலம் போவது, கரையோரம் பறவைகள் இரை தேடுவது ஆகியவற்றைப் பார்ப்பதற்காகப் போக வேண்டும். அப்படிச் சொல்லி அழைத்துப் போனால் பிள்ளைகள் ஏமாறுவதில்லை.

அமைதியாக இருப்பதாலேயே இந்தக் கடலை நம்பிவிடுவது அடுத்த தவறு, இதுதான் உயிரோடு விளையாடுவது. முழங்காலளவுத் தண்ணீர்தானே என்று வெகுதூரம் நடந்து போனவரின் கால் திடீரென்று உளைச் சேற்றில் புதையும். கலங்கிய தண்ணீரில் சங்கு, கிளிஞ்சல் ஓடு, அறுந்த வலை, திருக்கை மீன் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. வெறுங்காலோடு இறங்காமல் இருப்பதும், காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு இழுத்து நடப்பதும் நல்ல காப்பு. திருக்கை முள் குத்திவிட்டால், தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் காலை வைத்தபடியே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கண்மாயில் நன்றாக நீந்துவார்கள், ஆனால் கண்மாய்த் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்பது. கடல் தண்ணீர் ஆளை இழுத்துக்கொண்டு போவது. நீச்சல் தெரியும் என்ற தைரியம் கரையைவிட்டு அவர்களை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதைப் பெரியவர்கள் கரையில் நின்றபடி கண்காணிக்க வேண்டும். அந்த நேரத்தில் கையில் கைப்பேசி கூடாது.

ராமேசுவரம் பக்கம் போனால் இது இன்னும் தெளிவாக விளங்கும். அங்கே ஒருபுறத்து அமைதியான கடலைப் பெண்கடல் என்றும் மறுபுறத்து மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். ஆனால் இந்தக் குணம் ஆண்டு முழுவதும் ஒன்றுபோல இருப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். ஐப்பசி தொடங்கி வாடைக்காற்று வந்துவிட்டால் பாக் நீரிணைப் பக்கமே சீறும். ஆனியில் பார்த்த அமைதியை நம்பிக் கார்த்திகையில் தொண்டிக் கடலில் பிள்ளையை இறக்கக் கூடாது. கரையில் நிற்கும் மீனவரிடம், "அண்ணே, இன்றைக்குத் தண்ணீர் எப்படி இருக்கிறது?" என்று கேட்பதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும்.

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே உள்ள காரங்காட்டில், அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையின் ஏற்பாட்டில் படகில் போய்வரலாம். பிள்ளைகளோடு கடலோரம் போகிற குடும்பத்துக்கு இந்த வட்டாரத்தில் நான் முதலில் சொல்லும் இடம் அதுதான். வெயில் ஏறியபின் நிழலில்லாத படகில் உட்காருவதும், உயிர்காப்புச் சட்டை புழுங்குகிறது என்று பாதி வழியில் கழற்றுவதும் அங்கே அடிக்கடி காணும் தவறுகள். ஏழு, எட்டு மணிக்குள் போய்ச் சேர்ந்தால் பறவைகளும் இருக்கும், காற்றும் இதமாக இருக்கும்.

தேவிபட்டினம் நவபாஷாணத்துக்குப் போகிறவர்கள் நாட்காட்டியைப் பார்த்தே தீர வேண்டும். ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் தர்ப்பணம் கொடுக்க வருவோருக்கான நாட்கள். சுற்றிப்பார்க்க வருவோர் அந்த நாட்களைத் தவிர்ப்பது இரு தரப்புக்கும் நல்லது. கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்களையும் சுற்றிவரத் தண்ணீரில் இறங்குகிற முதியவர்களுக்கு வழுக்கும் தரையில் இருபுறமும் கைத்தாங்கல் வேண்டும்.

ராமேசுவரத்தையும் தனுஷ்கோடியையும் ஒரே நாளில் முடித்துவிட்டு இரவே காரைக்குடி திரும்பலாம் என்று திட்டமிடுபவர்கள் நிறையப் பேர். ஒரு வழியிலேயே ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணம். கோயிலில் இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நீராடி, ஈர உடையை மாற்றிக்கொண்டு தரிசனத்துக்குப் போவதற்குள் காலைப்பொழுது கழிந்துவிடும், மதியம் ஒரு மணிக்கு நடை சாத்தினால் மூன்று மணிக்குத்தான் மறுபடி திறப்பார்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனைவரை போகும் சாலையில் மாலைக்குமேல் யாரையும் விடமாட்டார்கள். முதியவர்களோ கைக்குழந்தையோ உடன் வந்தால் ஓர் இரவு அங்கே தங்குங்கள், முடியாவிட்டால் இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். அரிச்சல்முனையில் கடலில் இறங்கவே கூடாது. அங்கே நீரோட்டம் கரைக்கு மிக அருகிலேயே வலுவாக ஓடுகிறது.

கடலுக்குப் போகும் வழியில் பலரும் தவறவிடும் இடம் ஆவுடையார்கோயில். அறந்தாங்கிக்கு அருகே, மீமிசல் போகும் வழியில் இருக்கும் அந்தக் கோயிலைப் பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டு வண்டி ஏறுகிறார்கள். கருவறையில் லிங்கத் திருமேனி இல்லை, எதிரே நந்தி இல்லை. புழுங்கல் அரிசிச் சோற்றை வடித்துப் பரப்பி, அதன் ஆவியையே இறைவனுக்கு நிவேதனமாக்குகிறார்கள். மாணிக்கவாசகரோடு இணைந்த இந்தத் தலத்தின் கொடுங்கைகளை, அதாவது வளைந்த கல் கூரை விளிம்புகளை, போலச் செய்துதர முடியாது என்று சிற்பிகள் ஒப்பந்தத்திலேயே விலக்கு எழுதிவைத்ததாகச் சொல்லப்படும் அளவுக்குக் கல்லை மரச்சட்டமாகவும் கம்பியாகவும் இழைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு மணி நேரமாவது ஒதுக்கி, பிள்ளைகளைக் கூரையை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள்.

சாப்பாடும் அதன் வரிசையும்

வெளியூரார் இதில் சறுக்குவது ஓர் எளிய காரணத்தால். மதியம் கடலோரத்தில் மீன் சாப்பாடு, மாலையில் கோயில் என்று திட்டம் போடுகிறார்கள். மீன் சாப்பிட்டபின் கோயிலுக்குள் வரமாட்டேன் என்று அப்பத்தா வண்டியிலேயே உட்கார்ந்துவிடுகிறார். கவுச்சி உண்ணும் நாளில் கோயில்கள் எல்லாம் காலையிலேயே முடிந்திருக்க வேண்டும் என்பதை முந்தின இரவே தீர்மானித்துவிட்டால், யார் மனமும் நோகாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பள்ளிக்கூடக் கோடை விடுமுறையும் இதே நாட்களில்தான் வருகிறது. விடுமுறையில் மீன் வாங்குவதற்கென்றே ஜெகதாப்பட்டினத்துக்கும் தொண்டிக்கும் போகிறவர்கள், நாட்டுப்படகில் வரும் கொஞ்ச மீனை அதிக விலைக்கு வாங்கிக்கொண்டோ, வெறுங்கையோடோ திரும்புகிறார்கள். மற்ற மாதங்களிலும் பனிக்கட்டியும் தெர்மாகோல் பெட்டியும் இல்லாமல் காலையில் வாங்கிய மீனை வண்டியின் பின்பக்கத்தில் போட்டுவிட்டுப் பகல் முழுவதும் சுற்றக் கூடாது. ஊர் திரும்பும் நேரத்தில் வாங்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள்.

கடலோரச் சிற்றூர்களில் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடும் கடை கிடைப்பது உறுதியில்லை என்பதால், எங்கள் வீட்டில் இன்றும் கட்டுச்சோறுதான். புளியோதரை, தயிர்சாதம், வறுத்த மோர்மிளகாய், தூக்குவாளியில் மோர். காரைக்குடியின் சாப்பாட்டுக் கடைகளை நம்பியிருப்பவர்களும் இரண்டரை மணிக்குமேல் போனால் நல்ல கறிகள் தீர்ந்திருக்கும்.

தண்ணீரைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. வழியில் கழிப்பறை கிடைக்காது என்று பயந்து, நம் வீட்டுப் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். வெளியே சொல்வதும் இல்லை. மாலையில் வரும் தலைவலிக்கும் மயக்கத்துக்கும் இதுவே பலமுறை காரணம். வண்டியோட்டுபவர் யாராக இருந்தாலும், எங்கே எங்கே நிறுத்தப்போகிறோம் என்பதைக் கிளம்பும் முன்பே சொல்லி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான கழிப்பறை உள்ள இடத்தில் நிறுத்த வேண்டும்.

கண்மாய், ஊருணி, குவாரி

ஊருணி எங்கள் ஊர்களில் குடிதண்ணீருக்காக வெட்டப்பட்டது. படித்துறை அழகாக இருக்கிறது என்று காலைக் கழுவுவதும், சோப்புப் போட்டுக் குளிப்பதும் ஊராரைப் புண்படுத்தும். கண்மாயில் குளிக்கலாம், ஆனால் மண் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கு அடியில் எங்கே இருக்கின்றன என்பது உள்ளூர்க்காரருக்கு மட்டுமே தெரியும். கைவிடப்பட்ட கல்குவாரிகளில் தேங்கிய பச்சைத் தண்ணீரின் பக்கமே போகக் கூடாது. அவற்றின் விளிம்பு படிப்படியாக இறங்குவதில்லை. முதல் அடியிலேயே ஆளை விழுங்கும் ஆழம்.

திருப்பத்தூர் அருகே உள்ள வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான பயணத்துக்கு ஏற்றது. கோடையில் போய் வறண்ட கண்மாயைப் பார்த்துவிட்டுக் குறை சொல்வதில் பயனில்லை. வலசை வரும் பறவைகள் மிரண்டுவிடும் என்பதற்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காமல் இருக்கும் ஊர்க்காரர்கள் அங்கே இருக்கிறார்கள். அந்தக் கரையில் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு வண்டியை நிறுத்துவது அவர்களுக்கும் செய்கிற அவமரியாதை.

மழைக்காலத்தில் திரும்பும் வழி வேறுவிதமான கவனத்தைக் கேட்கிறது. நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்று பேர்பெற்ற ராஜசிங்கமங்கலம் கண்மாயைப் போன்ற பெரியவையும், பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான சிறியவையும் நிரம்பி மறுகால் பாயும்போது, தரைப்பாலங்களின் மேல் தண்ணீர் ஓடும். காலையில் காய்ந்து கிடந்த பாதையில்தானே வந்தோம் என்று இருட்டில் அதற்குள் வண்டியை இறக்கக் கூடாது. அரை அடித் தண்ணீரா, அரித்துப்போன பள்ளமா என்பது முகப்பு விளக்கு வெளிச்சத்தில் தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில் வண்டியைத் திருப்பி, பத்து மைல் சுற்றானாலும் தேவகோட்டைப் பெரிய சாலையைப் பிடித்து வீடு வந்து சேருங்கள்.